இரு பக்கச் சக்கரம்

அட்டையில் விவசாயத் தொழிலாளி என்று போட்டிருக்கிறது.
கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும்
காய்த்த பிறகுதான் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும்.
இருபத்தொன்பது வருடம் குழாய் ஒட்டியவன் நான்,
சோஹாரில், சூரில், பெயர் வைக்காத மணலில்.
அறுபது முடிந்ததும் கம்பெனி கைக்கடிகாரம் கொடுத்தது.
கல்ஃபான் விசா கொடுத்தான்.

அவனும் ஓய்வுதான். நாற்பது டன் கிரேன்.
இன்றைக்கும் டீ போதும் என்பதற்கு
உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை வெட்டுவான்.
பக்கத்துத் தோட்டம் ஹுமைத். மின்நிலையத்து எலக்ட்ரீஷியன்.
கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பமாட்டான்,
பேரனின் பொம்மைக் காருக்கும் டெஸ்டர் வைப்பான்.

சுவைக்கில் கடல் நிலத்துக்கு அடியில் நடந்து வருகிறது.
போன கோடையில் கல்ஃபானின் கிணற்றுக்குள் வந்தது.
முதலில் எலுமிச்சை போயிற்று.
பிறகு பேரீச்சை ஓலை நுனியெல்லாம்
சுருட்டு பற்றவைத்த மாதிரி.
சுவர் தாண்டி நாற்பது கெஜத்தில் ஹுமைத்தின் கிணறு தித்தித்தது.
ஏன் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும்.

பேச்சு ஒரு பிளாஸ்க் காப்பியில் முடிந்தது.
செவ்வாயும் சனியும் இரண்டு மணி நேரம் தண்ணீர் இங்கே வரும்,
மூன்று பாத்தி குதிரைமசால் அங்கே ஆடுகளுக்குப் போகும்.
தாள் இல்லை. சாட்சி நான்,
எனக்கோ பாதி அரபிதான் புரியும்.

எங்கள் ஊரில் ஒன்றரை முழ வாய்க்காலுக்கு
முன்சீப் கோர்ட்டில் பத்தொன்பது வருடமாய் வாய்தா.
அதில் வாதி நான்தான்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.

தகராறு வால்வில் வந்தது.
'உன் பக்கமே வை,' என்றான் ஹுமைத்,
'நான் திறந்துவிட்டால் பிச்சை போட்டதுபோல் இருக்கும்.'
'உன் பக்கம் வை,' என்றான் கல்ஃபான்,
'நான் திறந்தால் திருடியதுபோல் இருக்கும்.'
மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே.
இன்னொரு எலுமிச்சை செத்தது.

பழைய இரும்புக் கடையில் ஒரு கியர் பெட்டி கிடைத்தது.
சுவரில் நாலு கல்லை மேலிருந்து எடுத்தேன்.
நடுவில் வால்வு. தண்டை இரண்டு பக்கமும் நீட்டி
முனைக்கொரு சக்கரம் வைத்து ஒட்டினேன்.
கண் இப்போது நெருப்பை இரண்டாகக் காட்டுகிறது,
எது மெய் என்று காதால்தான் பிடித்தேன்:
ஒட்டு சரியாக விழுந்தால்
எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்.

ஹுமைத் வலமாகச் சுற்றினால் திறக்கும்.
கல்ஃபான் வலமாகச் சுற்றினால் மூடும்.
இது முதல் சனிக்கிழமைதான் தெரிந்தது.
இருவரும் ஒரே நேரத்தில்,
மற்றவனுக்குச் சிரமம் வேண்டாமென்று,
பிஸ்மில்லா சொல்லி வலமாகச் சுற்ற
தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது.
சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கல், அந்தப் பக்கம் ஒரு முக்கல்.
ஷோஹாக் வாளியை எடுத்துக்கொண்டு
வேகமாக மாட்டுக்கொட்டகைக்குப் போனான், சிரிக்க.

அம்பு போடு என்றார்கள். பச்சை பெயிண்டில் போட்டேன்,
இங்கே இப்படி, அங்கே அப்படி.
ஹுமைத்தின் மூத்த மகன் மஸ்கட்டிலிருந்து வந்து பார்த்து
அம்பு தப்பு என்றான்.
எந்தப் பக்கத்து அம்பு என்று கேட்டோம்.
ஒரு மீட்டர் வைத்து, கையெழுத்தும் போட்டுக்கொள்ளலாமே என்றான்.
கல்ஃபான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை வெட்டினான்.
டீ வேண்டாம் என்கிறார்போல என்று
பையன் பிளாஸ்க்கை மூடினான்.

மாதம் ஒருமுறை கிரீஸ் என் வேலை.
ஏணி போட்டுச் சுவர்மேல் ஏறி
ஆளுக்கொரு தோட்டத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு
குனிந்து தண்டைப் பார்ப்பேன்.
இங்கிருந்து வலமும் இல்லை இடமும் இல்லை,
தண்டு சும்மா உருள்கிறது,
ஒன்று கடல் பக்கம், இல்லையென்றால் மலைப் பக்கம்.

என் அட்டை மார்ச்சில் முடிகிறது.
போன செவ்வாய் இரண்டு கிழவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்,
ஒரே காரில், ஒரே டாக்டரிடம்.
ஷோஹாக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து கேட்டான்:
உஸ்தாத், எந்தப் பக்கம்?

மலைப் பக்கம் என்றேன்.